சிங்கப்பூர்–நியூயார்க்: வகுத்தல் கணக்கில் வராத பயண நேரம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை 15,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும். வகுத்தால் 17 மணி நேரம். வகுத்தல் சரிதான், ஆனால் அட்டவணை 18 மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும்வரை அதில் அடக்கம் என்பது ஒரு காரணம்.

பெரிய காரணம் அந்த 15,300 கிலோமீட்டரிலேயே இருக்கிறது. பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தூரம் அது. அந்த நூல் வட துருவத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு போகும். சுவர் வரைபடத்தில் அளவுகோல் வைப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் ஜப்பான் பக்கமாகப் போய்ப் பசிபிக்கைக் கடக்கிறது. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும்.

காற்றுக்காகச் சுற்றிப் போவது லாபமா என்று கேட்பவர்களுக்கு டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தைக் காட்டலாம். 2016இல் ஏர் இந்தியா அதை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 13,900 கிலோமீட்டரிலிருந்து 15,300 ஆகக் கூடியது. பயண நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்தது!

போக எவ்வளவோ வரவும் அவ்வளவே என்று எண்ணுவதும் காற்றை மறக்கும் இதே தவறுதான். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு எதிர்காற்றில் எட்டு மணி நேரம் ஆகலாம். திரும்பும்போது ஏழு போதும். 2020 பிப்ரவரியில் புயல் காற்று தள்ளியதில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் லண்டன் சேர்ந்தது.

அடுத்தது கடிகாரம். டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். நள்ளிரவில் சிங்கப்பூரில் கிளம்பி அதே தேதியில் காலை ஆறரைக்கு நியூயார்க்கில் இறங்குவதைப் பார்த்து, ஆறரை மணி நேரப் பயணம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. திரும்புவது இன்னும் குழப்பம்: திங்கள் இரவு பத்தரைக்கு நியூயார்க்கில் ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது புதன் விடியற்காலை. அழைத்துவரப் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமையே போய் நிற்பது இதனால்தான். போதாக்குறைக்கு, அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள்; நேர வித்தியாசம் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13.

மைல் என்று பார்த்தால் எந்த மைல் என்றும் பாருங்கள். சிங்கப்பூர்–நியூயார்க் தூரமே சாதாரண மைலில் சுமார் 9,500, விமானிகள் கணக்கிடும் கடல் மைலில் சுமார் 8,300.

'நேரடி விமானம்' என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். விமான எண் மாறாமல் வழியில் ஓர் ஊரில் நின்று போனாலும் அப்படித்தான் சொல்வார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கே ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று நியூயார்க் போகும் விமானம் உண்டு. இடைநில்லா விமானம்தான் வேண்டுமென்றால் டிக்கெட்டில் நிறுத்தங்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.