கடற்கரை ஒழுங்கையில் ஒரு எம்.ஜி. மிட்ஜெட்டை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

எங்கள் வீட்டில் நிற்பது எம்.ஜி. மிட்ஜெட் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார், 1965ஆம் ஆண்டினது. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் செய்தது. 1098 சீசீ என்ஜின், பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் இரண்டு எஸ்.யூ. காபரேற்றர், எடை 700 கிலோ சொச்சம். அப்பா இதை ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வாங்கி வந்தார். அவர் இருந்தவரை ஸ்பனர் எடுத்துக் கொடுப்பதும் டோர்ச் பிடிப்பதும் என் வேலை. இப்போது பதினொரு வருஷமாக எல்லாம் என் கையில்தான். வீடு வெள்ளவத்தையில், கடலோர வீதியான மரைன் டிரைவிலிருந்து நூறு யார் தூரம் தள்ளி ஒரு ஒழுங்கையில். இந்தக் காரையோ இதன் உறவான ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற்றையோ கொழும்பில் வைத்திருப்பவர்களுக்காக, நான் செய்து பழகிய வேலைகளை எழுதுகிறேன்.

என்ஜினைவிட முதலில் உடம்பைப் பாருங்கள். மிட்ஜெட்டுக்குத் தனியாகச் சேஸி இல்லை, உடம்பேதான் சேஸி. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும், ‘சில்’ என்ற இரண்டு இரும்புப் பெட்டிகளும்தான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கின்றன. இரும்புக் கூரையில்லாத கார் என்பதால் அந்தச் சுமையைப் பகிர மேலே ஒன்றும் கிடையாது. இங்கே கடற்காற்றில் உப்பு வருகிறது. சில்லுக்குள் ஈரம் தேங்கினால் கறள் உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். பெயின்ற் கொப்பளிப்பதை நீங்கள் காணும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

நான் சோதிப்பது இப்படி. கதவைச் சாத்திவிட்டு, அதன் பின் விளிம்புக்கும் உடம்புக்கும் இடையே மேல்பக்கம் ஒரு நெருப்புப்பெட்டி அட்டையைச் செருகுவேன். பிறகு சில்லின் நடுவிலுள்ள ஜாக் பொயின்றில் ஜாக்கை வைத்து மெதுவாக உயர்த்துவேன். அட்டை அப்படியே நின்றால் நல்லது. இறுகினாலோ நழுவி விழுந்தாலோ உடம்பு வளைகிறது என்று அர்த்தம். சீற்றுக்குப் பின்னால், பின் ஸ்பிரிங்கின் முன்முனை வந்து பிடிக்கும் பெட்டியையும் கார்ப்பெற்றைத் தூக்கிவிட்டு ஸ்குரூடிரைவர் கைபிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், போன இரும்பு ஈரக் கடதாசியைத் தட்டியதுபோலக் கேட்கும்.

சில் மாற்ற வேண்டி வந்தால் அது வெல்டிங் பாஸின் வேலை. ஆனால் ஒன்றை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தே ஆகவேண்டும். பழைய சில்லை வெட்டுவதற்கு முன்பு கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையை வெல்ட் செய்து பிடிக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் வெட்டினால் உடம்பு நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு எந்தக் காலத்திலும் சரியாகச் சாத்தாது. ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மற்றப் பக்கத்தைத் தொட விட வேண்டும்.

அந்த நிலைக்குப் போகாமல் தடுப்பது மலிவான வேலை. கதவின் அடியிலும் சில்லின் அடியிலும் தண்ணீர் வடியும் சிறு துவாரங்கள் உண்டு. மாதம் ஒருமுறை பழைய சைக்கிள் கம்பியால் அவற்றைக் குத்தித் திறந்துவிடுவேன். மரைன் டிரைவ் பக்கம் ஓடிவிட்டு வந்தால் அன்றே அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடிப்பேன். வைகாசியில் மழை பிடிக்கும் முன்பே சில்லுக்குள் மெழுகு எண்ணெய் பீய்ச்சி முடித்துவிட வேண்டும்.

ஸ்பனர் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். இந்தக் காரின் நட்டுகள் அங்குல அளவு. ஜப்பான் காருக்கு வாங்கிய மில்லிமீற்றர் செற் பொருந்துவதுபோலத் தோன்றும், ஆனால் பொருந்தாது. அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீற்றர். அதில் 13 நம்பர் ஸ்பனரைப் போட்டு இழுத்தால் மூலைகள் மழுங்கிவிடும். 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்று அளவிலும் நல்ல ரிங் ஸ்பனர் இருந்தால் வீட்டு வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். இன்னொன்று, ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள். இரண்டு ஸ்ராண்ட் வைத்து, காரை ஆட்டிப் பார்த்த பிறகே படுக்க வேண்டும்.

சாமான்களுக்குக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைதான். அங்கே போய் மிட்ஜெட் என்று கேட்டால் பலர் கையை விரிப்பார்கள். மைனர் என்று கேளுங்கள். மொரிஸ் மைனர் 1000இல் இருப்பதும் இதே ஏ-சீரீஸ் குடும்பத்து என்ஜின், 1962க்குப் பிறகு வந்த மைனருக்கும் 1098 சீசீதான். இந்த ஊரில் இன்னும் எத்தனை மைனர் ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். நான் வழமையாக வாங்கும் கடை நானா, டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது மைனர்ட சாமான்தான் தங்கச்சி, பயப்படாமக் கொண்டு போங்க" என்று தருவார். பொயின்ற், கொண்டென்சர், டிஸ்ரிபியூட்டர் மூடி, ராக்கர் கவர் கஸ்கட் எல்லாம் அப்படிக் கிடைத்தவை. ஆனால் கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் வாங்கும்போது நில்லுங்கள். 1964இல் வந்த மார்க் 2 மிட்ஜெட்டின் கிராங்கில் அந்த இடம் 2 அங்குலம், மைனரில் ஒன்றே முக்கால். நான் ஒரு செற் வாங்கி வந்து, பெட்டியைத் திறந்து அளந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன். அளக்கும் கருவியைக் கடைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

ஒயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்ஜினுக்கு 20டபிள்யூ-50, ஃபில்ரரோடு மூன்றே முக்கால் லீற்றர் வரை பிடிக்கும். கியர்பொக்ஸுக்கும் என்ஜின் ஒயிலைத்தான் ஊற்ற வேண்டும். தடித்த கியர் ஒயில் பின் டிபரன்ஷியலுக்கு மட்டும். சேர்விஸுக்குக் கொடுக்கும் இடங்களில் இரண்டையும் மாற்றி ஊற்றிவிடுவார்கள், அதனாலேயே இதை நான் வெளியே கொடுப்பதில்லை.

வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதை அமத்தும் ராக்கருக்கும் இடையிலுள்ள இடைவெளி, ஞாயிறு விடியக் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கும் வேலை. பிளக் நான்கையும் கழற்றினால் என்ஜின் கைக்குச் சுலபமாகச் சுற்றும். காரை நாலாம் கியரில் போட்டு மெல்லத் தள்ளியும் சுற்றலாம். முன்பக்கமிருந்து வால்வுகளை ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள். திறந்திருக்கும் வால்வின் எண்ணையும் அளக்கும் வால்வின் எண்ணையும் கூட்டினால் ஒன்பது வரவேண்டும். எட்டாவது வால்வு முழுக்க அமுங்கித் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்க வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது, ஐந்தாவது திறந்திருந்தால் நாலாவது. இடைவெளி 12 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.30 மில்லிமீற்றர். அளக்கும் தகடு தாராளமாகவும் போகக்கூடாது, சிக்கவும் கூடாது; மூடிய கொப்பிக்குள்ளிருந்து ஒரு கடதாசியை உருவும்போது விரலில் தெரியுமே, அந்தப் பிடிப்பு வேண்டும். ராக்கர் கவரைத் திரும்பப் பூட்டும்போது பலத்தைக் காட்டாதீர்கள். தகரம் வளைந்தால் ஒயில் கசிந்து புகைக்குழாய் மனிபோல்டில் விழுந்து கருகும்.

இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த வேலை காபரேற்றர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பாட வைப்பதுதான். எஸ்.யூ. காபரேற்றரைப் பலர் பயந்து கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டுகிறார்கள். அது பாவம். உள்ளே அசையும் சாமான்கள் மிகக் குறைவு. மேலே மணிபோல இருக்கும் மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றினால் பிஸ்ரன் வெளியே வரும், அதன் அடியில் ஒரு ஊசி. பிஸ்ரனும் மூடியும் ஜோடி ஜோடியாகப் பொருத்திச் செய்தவை, முன்னதையும் பின்னதையும் கலந்துவிடாதீர்கள். நான் முன்னதன் கீழே நீலத் துணியையும் பின்னதன் கீழே வெள்ளைத் துணியையும் விரித்துக்கொள்வேன். பெற்றோலால் துடைத்தால் போதும், சாண்ட் பேப்பர் படவே கூடாது. பூட்டிய பிறகு பிஸ்ரனை விரலால் தூக்கி விடுங்கள். "டக்" என்று சுத்தமான ஒரு சத்தத்தோடு கீழே போய் உட்கார வேண்டும். சத்தம் வரவில்லையென்றால் எங்கோ உரசுகிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

மேலே உள்ள சிறு மூடியைத் திறந்து கொஞ்சம் ஒயில் விடவேண்டும். இந்த ஊர்ச் சூட்டுக்கு நான் என்ஜின் ஒயிலையே விடுகிறேன். ஒயில் இல்லாவிட்டால் பெடலை அமத்தியதும் கார் ஒரு நொடி தயங்கும்.

இனி டியூனிங். பெற்றோல் வரும் சிறு குழல்தான் ஜெற்; அடியிலுள்ள ஜெற் நட்டை மேலே முழுக்க ஏற்றி, ஜெற் மட்டமானதும் இரண்டு சுற்றுக் கீழே இறக்குங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு. என்ஜினைச் சூடேற்றிவிட்டு, இரண்டு அடி நீளமான ரப்பர் குழாயை எடுத்து ஒரு நுனியைக் காதில் வைத்து, மற்றதை ஒவ்வொரு காபரேற்றரின் வாயருகிலும் பிடியுங்கள். காற்றை இழுக்கும் சீறல் கேட்கும். இரண்டு சீறலும் ஒன்றுபோல வரும்வரை ஐடில் ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். பிறகு பக்கத்திலுள்ள சிறு பின்னை மேலே தள்ளி, பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கள். என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், நட்டை மேலே ஏற்ற வேண்டும். வேகம் விழுந்து அணையப் பார்த்தால் பெற்றோல் போதாது, கீழே இறக்க வேண்டும். சற்றுக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு தடவையில் நட்டின் ஒரு பக்கம் மட்டும் திருப்புங்கள், ஆறில் ஒரு சுற்று. அப்பா இதைச் செய்யும்போது ரேடியோவை நிறுத்தச் சொல்வார், ஒழுங்கையில் யாராவது கதைத்தால் காத்திருப்பார். இன்று நானும் அப்படித்தான் காத்திருக்கிறேன். பெற்றோல் 95 ஒக்ரேனே போடுங்கள். 92இல் ஏற்றத்தில் என்ஜின் தட்டும்.

பின்னேரம் ஐந்தரைக்குக் காலி வீதியில் பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையே நின்றால் என்ஜினுக்குச் சூடு ஏறும். முதலில் ஃபேன் பெல்ற், நடுவில் விரலால் அமத்தினால் அரை அங்குலம் வரை அமுங்க வேண்டும். அடுத்தது என்ஜின் புளொக்கின் பின்பக்கமுள்ள வடிகால். அதைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால் காலி என்று நினைக்காதீர்கள். சேறு அடைத்திருக்கும், கம்பியால் குத்துங்கள். எங்களுடையதில் பழுப்பு நிறச் சேறு வாளியில் ஒரு சாண் உயரத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு சூடு காட்டும் முள் ஒழுங்காக நிற்கிறது.

கரண்ட் வேலையில் ஒன்றை மறக்கவே கூடாது. 1967 நவம்பருக்கு முந்திய மிட்ஜெட்டில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு சேரும். புதுப் பற்றரி பூட்ட வந்த ஒருவர் மற்றக் கார்களைப்போல மாற்றிப் பூட்டிவிட, அப்பா வைத்த ரேடியோ அன்றே எரிந்துபோனது. இப்போது பற்றரித் தட்டின் மேலே சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்தத் தட்டில் அசிற் சிந்திக் கறள் பிடிக்காமல் இருக்க, அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கழுவுங்கள், நுரை அடங்கினால் சுத்தம். லைட் மங்கலாக எரிந்தால் டைனமோவைச் சந்தேகிக்கும் முன்பு வயர் இணைப்புகளைப் பாருங்கள். இந்த ஈரக் காற்றில் பித்தளை பச்சை பூத்துப்போகிறது. கழற்றி, தேய்த்து, கொஞ்சம் வஸ்லின் பூசிப் பூட்டினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுகிறேன், பெடலுக்குத் தூரத்திலுள்ள இடது பின் சக்கரத்திலிருந்து தொடங்கி. டிரம்மைத் திறந்தால் பழைய தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் உண்டு, ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டி எறியுங்கள். 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன் சக்கரங்களைத் தூக்கிவிட்டு, அவை திரும்பும் அச்சான கிங் பின்னுக்கும் கீழ் மூட்டுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். கறுப்பு கிரீஸ் வெளியே வந்து, பிறகு புதியது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள்.

2022இல் பெற்றோல் வரிசை நீண்ட மாதங்களில் இந்தக் கார் நான்கு மாதம் அசையாமல் நின்றது. ஆண்டுக்கணக்காக ஓடியும் வராத பழுதெல்லாம் அந்த நான்கு மாதத்தில் வந்தது. கிளட்ச் தட்டு ஒட்டிக்கொண்டது, பின் பிரேக் இறுகியது, ஜெற்றுகளில் பெற்றோல் காய்ந்து பிசினாகப் படிந்தது. அதனால் இப்போது வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஞாயிறு விடிய ஆறு மணிக்குத் திறப்பைத் திருப்புகிறேன். முதலில் பின்னாலிருந்து பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது என்று இறங்கிப் பார்ப்பேன். அது நின்றதும் ஸ்ராட் எடுத்து, காலிமுகத்திடல் வரை போய்த் திரும்புவேன். வந்ததும் வாளியோடு ஹோஸையும் எடுத்து அடிப்பக்கம் கழுவி, மடக்கும் துணிக் கூரையான ஹூட்டைக் காயும்வரை விரித்தே வைத்துவிட்டு, சைக்கிள் கம்பியைத் தேடுவேன்.