சீனப் பூ டீயும் பி.பி. மாத்திரையும்

காட்பாடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்கள் அங்கிருந்து வந்த சீன மூலிகை டீ பொட்டலத்தோடு வந்து, "அண்ணே, இது பி.பி.க்கு நல்லதாமே?" என்று கேட்பார்கள். எதைக் குடித்தாலும் டாக்டர் எழுதிய மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

காய்ந்த சாமந்தி என்றால் சரி. 5, 6 பூவை டம்ளரில் போட்டுக் கொதிநீர் ஊற்றி, 5 நிமிடம் மூடி வைத்து, சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம். பூ அலர்ஜி உள்ளவர்களுக்கு வேண்டாம். மார்க்கெட்டில் மாலைக்கு வாங்கும் சாமந்தியைக் காயவைத்துப் போடாதீர்கள், பூச்சிமருந்து அடித்திருப்பார்கள்.

சீனர்கள் தகரை விதையும் சேர்ப்பதுண்டு. வெறும் வாணலியில் படபடவென்று வெடித்து, காபிக்கொட்டை மாதிரி மணம் வரும்வரை வறுத்துக் கொதிக்க வைப்பார்கள். வயிறு இளகும். கர்ப்பிணிகள் தொட வேண்டாம்.

எனக்குப் பயம் கலவைப் பொடிகள்தான். லேபிளில் அதிமதுரம் இருக்கிறதா பாருங்கள். பல சீனக் கஷாயங்களில் அது சேரும். உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பி.பி.யை ஏற்றிவிடும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் மோசம். மாஹுவாங் என்ற சீன மூலிகையும் பி.பி.யை ஏற்றும், அதில் ரத்தக் குழாயை இறுக்கும் எபிட்ரின் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டான்ஷென் என்ற சீன வேர் பக்கமே போகக் கூடாது, ரத்தக்கசிவு வரும். லேபிள் முழுக்கச் சீன எழுத்தா? அப்படியே கட்டி வையுங்கள்.

அப்புறம், காலை மாலை பி.பி. பாருங்கள். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. வீட்டில் தொடர்ந்து 135/85க்கு மேல் வந்தால், குறித்த நோட்டையும் பொட்டலத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்.