கண்ணீர் கொட்டினாலும் அது கண் உலர்ச்சியாக இருக்கலாம்

வட சென்னையில், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கண் கரிப்பது புதிதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகும் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறதா, சாயங்காலம் ஆக ஆக எரிச்சல் கூடுகிறதா, செல்போனில் எழுத்து மங்கி இரண்டு தடவை இமைத்ததும் தெளிகிறதா என்று கவனியுங்கள். அப்படி என்றால் அது வெறும் தூசு இல்லை, கண் உலர்ச்சி நோயாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. நம் ஊரில் கண் சிவந்தாலே மெட்ராஸ் ஐ என்று முடிவு கட்டிவிடுகிறோம். மெட்ராஸ் ஐ திடீரென்று வரும், ஒட்டும், பீளை கட்டும், ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். உலர்ச்சி மாதக்கணக்கில் கூடவே இருக்கும், யாருக்கும் ஒட்டாது.

தண்ணீராகக் கொட்டுகிற கண்ணை எப்படி உலர்ந்த கண் என்கிறீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கண்ணின் மேல் எப்போதும் இருக்கிற கண்ணீர்ப் படலம் வெறும் தண்ணீர் இல்லை. அடியில் கண்ணோடு ஒட்ட வைக்கும் சளி போன்ற பொருள், நடுவில் தண்ணீர், மேலே மெல்லிய எண்ணெய். இமை ஓரத்தில் வரிசையாக இருக்கிற மைபோமியன் சுரப்பிகள்தான் அந்த எண்ணெயைத் தருகின்றன. அவை அடைத்துக்கொண்டால் மூடி இல்லாத பாத்திரம் மாதிரி தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண் வறண்டு எரியும், உடனே கண்ணீர்ச் சுரப்பி பதறிப்போய் ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டும். அதில் எண்ணெய் போதாது, அதனால் நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். கண்ணீரே குறைவாகச் சுரப்பது இன்னொரு வகை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இந்த எண்ணெய்ப் பிரச்சினைதான், பலருக்கு இரண்டும் கலந்திருக்கும்.

கடலோர ஊர், காற்றே பிசுபிசுவென்று இருக்கிறது, இங்கே எங்கே கண் உலரும் என்றும் தோன்றலாம். நாம் எத்தனை மணி நேரம் அந்தக் காற்றில் இருக்கிறோம் என்று பாருங்கள். ஆபீஸில் ஏசி நேராக முகத்தில் அடிக்கிறது, போகவர ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் உட்கார்ந்து புழுதிக் காற்று, மணலி எண்ணூர் பக்கம் என்றால் புகையும் சேர்த்தி, இரவில் தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில். தூங்கும்போது இமை முழுதாக மூடாதவர்கள் சிலர் உண்டு, காலையில் எழுந்ததுமே எரிச்சல் அதிகம் என்றால் அதையும் சந்தேகப்படுங்கள். அப்புறம் திரை. சாதாரணமாக நிமிடத்துக்கு சுமார் 15 தடவை இமைக்கிறோம், திரையைப் பார்க்கும்போது அது பாதியாகவோ அதற்கும் கீழோ போய்விடுகிறது, அதிலும் பல இமைப்புகள் பாதிதான் மூடுகின்றன. முழுதாக மூடித் திறந்தால்தான் எண்ணெய் பரவும்.

அதனால் சொட்டு மருந்துக்கு முன்னால் இமையைக் கவனியுங்கள் என்பதுதான் என் கட்சி. சுத்தமான பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள், சுடாமல் இதமாக இருக்க வேண்டும். மூடிய கண்மேல் வைத்து, ஆற ஆற மறுபடி நனைத்து, 5 முதல் 10 நிமிடம். துணி ஒரு நிமிடத்திலேயே ஆறிவிடும், ஆறிய துணியை வைத்துக்கொண்டு படுத்திருந்தால் பலன் இல்லை. பிறகு விரல் நுனியால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும், இமை முடி இருக்கும் ஓரத்தை நோக்கி மெதுவாக நீவி விடுங்கள், கண் உருண்டையை அழுத்தவே கூடாது. இமை முடியில் பொடுகு மாதிரி ஒட்டியிருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். தினம் இரண்டு வேளை, சில வாரம் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். நான்கே நாளில் நிறுத்திவிட்டு வேலைக்காகவில்லை என்பவர்கள்தான் அதிகம்.

சரி, சொட்டு மருந்து. செயற்கைக் கண்ணீர் என்று கேளுங்கள். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹைலுரோனேட் இதெல்லாம் பரவலாகக் கிடைக்கும். பிராண்டைப் பார்க்காமல் உள்ளே என்ன மருந்து என்று பாருங்கள், மக்கள் மருந்தகத்தில் விலை குறைவாக இருக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ், அதாவது மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள், இல்லாததாக வாங்குங்கள், அப்படிச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு அடிக்கடி பட்டால் அதுவே கண்ணைப் புண்ணாக்கும். கீழ் இமையை இழுத்து ஒரே சொட்டு, அதற்கு மேல் உள்ளே நிற்க இடமில்லை. விட்டதும் கண்ணை ஒரு நிமிடம் மூடியிருங்கள். சாதாரண பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் ஆனால் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன், மெடிக்கல் ஷாப்பில் "கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படித் தருவதில் பல ஸ்டீராய்டு கலந்தவை. ரெண்டே நாளில் கண் வெளுத்துவிடும், சந்தோஷமாக இருக்கும், மறுபடி மறுபடி வாங்குவீர்கள். கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடுவதும், கண்புரை வருவதும் அப்படித்தான். போன பார்வை நரம்பு திரும்பாது. தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய் இவற்றையும் கண்ணில் விடாதீர்கள். பாட்டி சொன்னார்கள் என்று விட்டுக் கிருமி தொற்றிப் போனால் கருவிழியில் புண் வரும்.

சளிக்கும் அலர்ஜிக்கும் தினமும் செட்டிரிசின் போடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் கண்ணை உலர்த்தும். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் அப்படியே. ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உலர்ச்சி அதிகம். கண்ணோடு வாயும் உலர்ந்து, மூட்டும் வலித்தால் ஷோகிரன் நோய், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்குகிற நோய், இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஒமேகா-3 மாத்திரைக்குப் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம், 2018இல் வெளிவந்த பெரிய ஆய்வில் அது ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை.

சில வாரத்தில் அடங்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை குறைதல், சீழ் இருந்தால் அன்றைக்கே. நமக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியும் 1819இல் தொடங்கிய எழும்பூர் கண் ஆஸ்பத்திரியும் பக்கம்தான். இமை ஓரத்தில் சின்னத் தாளை மாட்டி 5 நிமிடம் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள், 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் கண்ணீர் ரொம்பக் குறைவு. மஞ்சள் சாயம் விட்டு, படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்றும் பார்ப்பார்கள், 10 விநாடிக்குள் என்றால் சரியில்லை. கண்ணில் அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதித் தந்தால், முதலில் எரியும், பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகும், பொறுமையாக விடுங்கள். போகும்போது பயன்படுத்துகிற சொட்டு மருந்து, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போங்கள். கண் பாப்பாவை விரிக்க மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், அதனால் பைக்கை வீட்டில் விட்டுவிட்டுத் துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.