மி சன் சம்பா கோயில்களைப் பார்ப்பது எப்படி: போகும் வழி, நேரம், கவனிக்க வேண்டியவை

வியட்நாமின் நடுப்பகுதியில், சாம் மக்களின் பழைய நாடான சம்பாவின் அரசர்கள் எழுப்பிய சிவன் கோயில்களின் பள்ளத்தாக்கு மி சன். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் இங்கே பத்ரேசுவரர் என்ற பெயரில் லிங்கம் நிறுவினான். அது அழிந்த பிறகு ஏழாம் நூற்றாண்டில் சம்புவர்மன் மீண்டும் கட்டினான். பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை கட்டுமானம் தொடர்ந்தது. யுனெஸ்கோ இதை 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவ்வளவு இருந்தும், குழுச் சுற்றுலாவில் போய் வந்தவர்களிடம் கேட்டால் "கொஞ்சம் செங்கல் கோபுரங்கள், வெயில் தாங்கவில்லை" என்பார்கள். அதற்கு மூன்று காரணங்கள். நல்ல சிற்பங்கள் பல அங்கே இல்லை, அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போகிற நேரம் தவறு. எது கருவறை, எது மடைப்பள்ளி என்று தெரியாமல் சுற்றுகிறார்கள். மூன்றையும் சரிசெய்துகொள்ளலாம்.

முந்தைய நாள்: தா நாங் அருங்காட்சியகம்

தா நாங் நகரில், டிராகன் பாலத்துக்கு அருகே, சாம் சிற்ப அருங்காட்சியகம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆன்றி பார்மான்தியே முயற்சியில் உருவாகி 1919இல் திறக்கப்பட்டது. மி சன்னுக்குப் போவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால், கோயிலில் நிற்கும்போது காலிப் பீடங்கள்தான் கண்ணில் படும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மி சன் கோயில்களை எழுத்தும் எண்ணும் சேர்த்து அழைக்கிறார்கள். மி சன் கூடத்தில் தவறவிடக் கூடாதது இ-1 கோயிலின் பீடம். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த மணற்கல் பீடத்தின் பக்கங்களில் முனிவர்களின் அன்றாட வாழ்க்கை சிறு சிறு காட்சிகளாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் குழல் ஊதுகிறார், ஒருவர் பாடம் சொல்கிறார். பீடத்தைச் சுற்றி மெதுவாக நடந்து, குனிந்து பாருங்கள். அதே கோயிலின் வாயில் முகப்பில் இருந்த பள்ளிகொண்ட பெருமாளும், உந்திக் கமலத்தில் பிரமனும் இங்கேதான். இ-5இலிருந்து வந்த பிள்ளையார் நின்ற கோலத்தில் இருக்கிறார். பி-3இன் முருகன் மயில் மீது இருக்கிறார். சி-1இன் சிவன் மனித உருவில் நிற்கிறார். இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்தந்தக் கோயிலின் முன் நிற்கும்போது உள்ளே யார் இருந்தார் என்று தெரிந்திருக்கும்.

போகும் நேரமும் வண்டியும்

ஹோய் ஆன் நகரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ., ஒரு மணி நேரம். தா நாங்கிலிருந்து 70 கி.மீ. அளவு, ஒன்றரை மணி நேரம். காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள். ஏழு மணிக்குள் உள்ளே இருப்பது நல்லது. ஒன்பது மணிக்கு மேல் பேருந்துகள் வரிசையாக வந்து சேரும். மலைகள் சூழ்ந்த குழிவான இடம் என்பதால் காற்று உள்ளே வருவதே இல்லை. மே முதல் ஆகஸ்டு வரை பதினோரு மணிக்கு மேல் நிற்க முடியாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சிறந்த காலம். அக்டோபர், நவம்பரில் கனமழையும் வெள்ளமும் வரும். அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் காரை ஒருவழிக்கு மட்டும் பேசாதீர்கள். கோயில் வாசலில் திரும்பும் வண்டி கிடைப்பது அரிது. போக, வர, நான்கு மணி நேரக் காத்திருப்பு என்று மூன்றையும் சேர்த்துப் பேசி, தொகையைக் கைபேசியில் எழுதிக் காட்டி உறுதிசெய்யுங்கள். சூரிய உதயச் சுற்றுலா என்று விற்பதும் நல்ல தேர்வுதான். ஆனால் உள்ளே எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் வேண்டாம்.

ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் தரப்படும் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி ஆனது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கை உரிமத்தை. கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார். விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும்.

வெளிநாட்டவருக்கு நுழைவுச்சீட்டு 1,50,000 டாங், நம் பணத்தில் ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய். இதில் மின்வண்டியும் சாம் நடன நிகழ்ச்சியும் அடக்கம். சீட்டு வாங்கும்போதே அன்றைய நடன நேரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாசலிலிருந்து கோயில்கள் சுமார் இரண்டு கி.மீ. உள்ளே இருக்கின்றன, மின்வண்டி அங்கே இறக்கிவிடும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, பிடிப்புள்ள காலணி இவை போதும். கழிப்பறையை வாசலிலோ நடன அரங்கின் பக்கத்திலோ முடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே: எதை எப்படிப் பார்ப்பது

தொகுதிகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்தும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் எண்ணும் கொடுத்தவர் பார்மான்தியே. அவர் கணக்கெடுத்தபோது எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன. இன்று இருபது அளவில்தான் நிற்கின்றன.

சாம் கோயில் வளாகத்தின் அமைப்பு நமக்கு எளிதில் பிடிபடும். நடுவில் கருவறைக் கோபுரம், அதற்குக் கலன் என்று பெயர். பெரும்பாலும் கிழக்கு பார்த்த ஒரே வாசல், மற்ற மூன்று பக்கமும் போலி வாசல்கள். முன்னால் சிறு கோபுர வாயில், அதற்கும் முன்னால் நீண்ட மண்டபம். தென்கிழக்கில் படகைக் கவிழ்த்தது போன்ற கூரையுடன் ஒரு கட்டடம் இருக்கும். பூசைப் பாத்திரங்களும் நைவேத்தியமும் அங்கேதான். அதன் வாசல் வடக்கு பார்த்திருக்கும்.

இதை வைத்துக்கொண்டு பி தொகுதிக்குள் போங்கள். பி-1தான் பத்ரேசுவரரின் மூலக் கோயில். இன்று நிற்பது பதினோராம் நூற்றாண்டின் மணற்கல் அதிட்டானம் (அடிப்பீடம்) மட்டுமே. இடிந்துவிட்டதே என்று கடந்து போகாதீர்கள், இந்தப் பள்ளத்தாக்கே இந்த இடத்துக்காகத்தான் எழுந்தது. சுற்றிலும் திசைத் தெய்வங்களின் சிறு கோயில்கள். பி-5தான் அந்தப் படகுக் கூரைக் கட்டடம். அதன் மேற்குச் சுவரின் மேற்பகுதியில், தென்னையைச் சுற்றித் துதிக்கைகளைப் பிணைத்த இரண்டு யானைகள் செங்கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன. நிமிர்ந்து தேடினால்தான் தெரியும். பி-6க்குள் அபிஷேக நீர் வைக்கும் கல்தொட்டி இருக்கிறது. டி-1, டி-2 மண்டபங்களில் சிலைகளும் கல்வெட்டுகளும் வைக்கப்பட்டுள்ளன. வெளியே நிற்கும் கல்வெட்டுப் பலகைகளையும் நின்று பாருங்கள். சமஸ்கிருதத்திலும் பழைய சாம் மொழியிலும் எழுதியவை. எழுத்து தென்னிந்திய பிராமியிலிருந்து கிளைத்தது. பல்லவர் கால கிரந்தத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உறவு உடனே தெரியும்.

கருவறைக்குள் போனதும் மேலே பாருங்கள். வளைவுக் கூரை கிடையாது. ஒவ்வொரு வரிசைச் செங்கல்லும் கீழ் வரிசையை விடச் சற்று உள்ளே நீண்டு, உச்சியில் போய்க் கூடுகிறது. கைபேசி விளக்கை நேராக அடிக்காமல் சுவரோடு சாய்த்துக் காட்டினால் வரிசைகள் தெளிவாகத் தெரியும்.

பிறகு ஏ தொகுதி. இரு பக்கமும் வாசல் கொண்ட ஏ-1, சாம் கட்டடக்கலையின் உச்சம் என்று போற்றப்பட்டது. 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் நொறுங்கியது. மேடும் குவியலுமாகக் கிடப்பதைப் பார்க்க மனம் கனக்கும், ஆனாலும் பார்க்க வேண்டும். இந்தியத் தொல்லியல் துறை 2017 முதல் ஏ, எச், கே தொகுதிகளில் சீரமைப்பு வேலை செய்தது. அப்போது, 2020இல், ஏ தொகுதியில் ஆவுடையாரோடு சேர்த்து ஒரே மணற்கல்லில் செய்த ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் வெளிப்பட்டது. ஜி தொகுதியில் அடித்தளத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் காலன் முகங்கள் (கீர்த்திமுகம் போன்ற கோர முகங்கள்) அழகு. இ, எஃப் கடைசி. நிதானமாகச் சுற்ற மூன்று மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால் இ, எஃப்பில் தொடங்கி எதிர்த்திசையில் வாருங்கள், கூட்டம் குறுக்கே வராது.

செங்கல்லைத் தொடாதீர்கள்

பழைய சுவர்களில் செங்கற்களுக்கு நடுவே சாந்து கண்ணுக்குத் தெரியாது. கட்டி முடித்த பிறகு சுவரிலேயே சிற்பம் செதுக்கினார்கள். மர எண்ணெய்ப் பிசின் பயன்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பழுதுபார்த்த இடங்களில் பாசியும் வெள்ளை உப்பும் படிந்திருக்கும், பழைய செங்கல் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கொண்டே மூலக் கட்டுமானம் எது என்று பிரித்தறியலாம். அந்தச் செங்கல் மென்மையானது. விரலால் தேய்த்தால் பொடி உதிரும், வியர்வை படிந்தால் கறை தங்கும். சாய்ந்து நின்று படம் எடுப்பதும், பீடத்தில் பை வைப்பதும் வேண்டாம். பாதையை விட்டு மலைப்பக்கம் இறங்காதீர்கள். கோயில்களுக்கு நடுவே நீங்கள் பார்க்கும் வட்டப் பள்ளங்கள் குண்டு விழுந்தவை. போர் நடந்த காட்டில் வெடிக்காதவை புதைந்திருக்கக்கூடும்.

தெற்கே: இன்றும் பூசை நடக்கும் கோயில்கள்

மி சன்னில் வழிபாடு நின்றுபோய் நூற்றாண்டுகள் ஆகின்றன. வழிபாடு உள்ள சாம் கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே இறங்க வேண்டும். நா சாங் நகரின் போ நகர் அம்மன் கோயில் கை நதிக்கரையில் இருக்கிறது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், இல்லையென்றால் வாசலில் தரும் அங்கியைப் போட்டுக்கொள்ளலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கருவறைக்குள் படம் எடுக்கக் கூடாது.

ஃபான் ராங் நகரில் உள்ள போ குலாங் கராய் கோயில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாம் ஜெயசிம்மவர்மன் கட்டியது. வாசல் மேல் ஆடும் சிவன், முன்னறையில் நந்தி, உள்ளே முகலிங்கம் (முகம் செதுக்கிய லிங்கம்). தாப் சாம் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சாம் நாட்காட்டியின் ஏழாம் மாத முதல் நாளில், பெரும்பாலும் அக்டோபரில், காத்தே திருவிழா. மலைவாழ் ராக்லாய் மக்கள் தங்களிடம் காத்து வைத்திருக்கும் அரசனின் ஆடைகளை ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். முகலிங்கத்துக்கு நீராட்டி அந்த ஆடையை உடுத்துவார்கள். அன்று பூசாரியின் வழியை மறித்து நிற்காமல் படிக்கட்டின் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். அந்த வாரத்தில் ஃபான் ராங் விடுதிகள் நிரம்பிவிடும். ரயில் சீட்டை எடுப்பதற்கு முன் அறையை உறுதிசெய்துவிடுங்கள்.