அயர்லாந்து செனட்டர் ஒருவரின் நாடாளுமன்றப் பணியை எடைபோடுவது எப்படி?

ஒரு செனட்டர் அவையில் எத்தனை முறை எழுந்து பேசினார் என்பதை எவரும் எண்ணிச் சொல்லிவிடலாம். அவர் பேசியதன் பயனாகச் சட்டத்தின் எந்த வரி மாறியது என்று காட்டுவதற்குத்தான் உழைப்பு வேண்டும். அயர்லாந்தின் மேலவையான ஷானட்டின் உறுப்பினர் ஒருவரைப் பற்றிக் கட்டுரையோ ஆய்வோ எழுத முற்படுபவர், அந்த உழைப்பை எங்கே தொடங்குவது, எந்த ஆவணத்தை எப்படிப் படிப்பது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. எடுத்துக்காட்டாக, 1993 முதல் 2016 வரை அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகத் தொகுதியின் சுயேச்சை உறுப்பினராக இருந்த ஃபெர்கல் குவின்னை எடுத்துக்கொள்கிறேன். சூப்பர்குவின் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்தைத் தொடங்கிய வணிகர் அவர். பேச்சால் பெரிதும் புகழ்பெற்றவர் அல்லர் என்பதாலேயே நம் நோக்கத்துக்கு நன்கு பொருந்துகிறார்.

முதலில், அவர் எந்த வழியாக அவைக்குள் வந்தார் என்று பாருங்கள். மொத்த இடங்கள் 60. அவற்றில் 11 பேரைப் பிரதமர் நியமிக்கிறார். 43 பேர், நிர்வாகம், வேளாண்மை, பண்பாடும் கல்வியும், தொழிலும் வணிகமும், தொழிலாளர் என்னும் ஐந்து துறைப் பட்டியல்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். இவர்களுக்கு வாக்களிப்பவர்கள் பொதுமக்கள் அல்லர், கீழவையான டாலின் புதிய உறுப்பினர்களும், பதவி முடியும் செனட்டர்களும், மாவட்ட, மாநகர மன்ற உறுப்பினர்களுமே. மீதமுள்ள 6 இடங்கள் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு உரியவை. ஒரு செனட்டரின் பேச்சில் உள்ளாட்சி மன்றங்களின் நலன் அடிக்கடி தலைகாட்டினால் அதற்கான காரணம் இந்த வாக்காளர் பட்டியலிலேயே இருக்கும். நியமன உறுப்பினர்களில் பலர் அரசின் பக்கம் வாக்களிப்பதும், பல்கலைக்கழக உறுப்பினர்களில் பலர் கொறடாவின் கட்டளைக்கு உட்படாமல் இயங்குவதும் இப்படித்தான் விளங்கும். இந்தப் பின்னணி தெரியாமல் வாக்கெடுப்புப் பட்டியலைப் படித்தால், துணிச்சல் எது, வழக்கம் எது என்று பிரித்தறிய முடியாது.

அடுத்து, அவையின் அதிகார எல்லை. நிதி மசோதாவின்மீது ஷானட் 21 நாட்களுக்குள் பரிந்துரை மட்டுமே செய்யலாம். மற்ற மசோதாக்களை ஏற்க மறுத்தாலும், 90 நாள் கெடு முடிந்தபின் டால் ஒரு தீர்மானத்தின் மூலம் அவற்றை நிறைவேறியதாகக் கருதச் செய்துவிடலாம். விகிதாசாரத் தேர்தல் முறையை நீக்க முயன்ற மசோதாவை 1959-இல் ஷானட் நிராகரித்தபோது, டால் அதையும் மீறிச் சென்றது. பொதுவாக்கெடுப்பில் மக்கள்தாம் அந்த முயற்சியைத் தோற்கடித்தார்கள். மேலும், பொதுப் பணத்துக்குச் செலவு வைக்கும் திருத்தத்தைச் செனட்டர் கொண்டுவந்தால் அவைத் தலைவர் அதை ஒழுங்கற்றது என்று தள்ளிவிடுவார். ஆகவே ஏதேனும் ஒரு நலத்திட்டத்தைப் பற்றி ஒரு செனட்டரின் பெயரில் திருத்தமே காணப்படவில்லை என்றால், அவர் அக்கறையற்றவர் என்று முடிவு கட்டாமல், அனுப்பப்பட்டு நிராகரிக்கப்பட்ட திருத்தம் பற்றிய பேச்சு அன்றைய பதிவில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனி ஆவணங்களுக்கு வருவோம். ஷானட்டின் விவாதங்கள் 1922 முதல் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. உறுப்பினர் பெயரைக் கொண்டும், நாளைக் கொண்டும், மசோதாவைக் கொண்டும் தேடலாம். ஐரிஷ் சுதந்திர அரசு என்று நாடு அழைக்கப்பட்ட காலத்தில், 1922 முதல் 1936 வரை இருந்த செனட் வேறு. 1937 அரசியலமைப்பின்கீழ் உருவான இன்றைய அவை வேறு. இரண்டின் அதிகாரங்களையும் கலந்து எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் 1925 ஜூன் 11 அன்று விவாகரத்து உரிமைக்காக ஆற்றிய உரை பழைய செனட்டில் நிகழ்ந்தது. இன்றும் மேற்கோள் காட்டப்படும் அந்த உரைக்குப் பிறகு நடந்தது என்ன? 1937 அரசியலமைப்பில் விவாகரத்துத் தடை எழுதப்பட்டது. 1995 பொதுவாக்கெடுப்பில்தான் அது நீங்கியது. உரையின் சிறப்பும் அதன் விளைவும் தனித்தனியாக அளக்கப்பட வேண்டியவை.

ஒருநாள் பதிவில் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே மதிப்பு இல்லை. அன்றாட அலுவல் ஒழுங்கு விவாதத்தில் உறுப்பினர்கள் மனத்தில் பட்ட எதையும் எழுப்புவார்கள். செய்தித்தாளுக்குப் பயன்படும், சட்டத்துக்கு அரிதாகவே பயன்படும். தொடக்க நேரக் கோரிக்கைகள் சற்று மேல், ஏனெனில் அமைச்சர் ஒருவர் வந்து பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாம் நிலை விவாதத்தில் மசோதாவின் கொள்கை பேசப்படும். உண்மையான வேலை நடப்பது பிரிவு பிரிவாக ஆராயும் குழு நிலையில். அங்கே ஒரு உறுப்பினர் ஒரே திருத்தத்தின்மீது பலமுறை எழுந்து பேசலாம், அமைச்சரை விடாமல் துளைக்கலாம். நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் படியுங்கள்.

குழு நிலையைப் படிக்கும்போது உங்கள் கண் தேட வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: திருத்தம் அவையின் அனுமதியுடன் திரும்பப் பெறப்பட்டது. புதிதாகப் படிப்பவர்கள் இதைத் தோல்வி என்று குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய பத்தியில் அமைச்சர் என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டும். "கருத்தை ஏற்கிறேன், சொல்லமைப்பைச் சட்ட வரைவாளர்களிடம் கேட்டு அறிக்கை நிலையில் கொண்டுவருகிறேன்" என்ற பொருள்படப் பேசியிருந்தால், செனட்டர் உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு தன் திருத்தத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். அதே பிரிவின்மீது, குழு நிலைக்கு அடுத்ததான அறிக்கை நிலையில் அமைச்சரின் பெயரில் ஒரு திருத்தம் வந்திருக்கிறதா என்று எண்ணிட்ட பட்டியலில் தேடி, இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். சொற்கள் மாறியிருக்கும், கருத்து அதுவாகவே இருக்கலாம். செனட்டரின் பெயர் சட்டத்தில் எங்கும் தெரியாது, எனினும் அந்த மாற்றத்தின் தோற்றுவாய் அவரே. இவ்வாறு கரைந்துபோன பங்களிப்புகளைக் கண்டெடுப்பதே, என் பார்வையில், இந்த வேலையின் முக்கியப் பகுதி.

குவின்னின் கட்டுமான ஒப்பந்த மசோதா இதற்கு மாறானது, பெயர் மறையாத வகை. 2008 நெருக்கடிக்குப் பின் பெரிய ஒப்பந்ததாரர்கள் நொடித்துப்போனபோது, அவர்களுக்குக் கீழே வேலை செய்த துணை ஒப்பந்ததாரர்கள் கூலியின்றித் தவித்தனர். அதற்குத் தீர்வாக 2010-இல் அவர் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். 2011 தேர்தலில் ஆட்சி மாறியும் அது உயிர்தப்பி, 2013 ஜூலையில் சட்டமாயிற்று. மேலிருந்து பணம் வந்தால்தான் கீழே தருவேன் என்னும் நிபந்தனையை அது செல்லாததாக்கியது. தகராறு எழுந்தால் நடுவர் 28 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றது. 10,000 யூரோவுக்கு உட்பட்ட ஒப்பந்தங்களுக்கு விலக்கு அளித்தது. இங்கேதான் பலர் ஆய்வை நிறுத்திவிடுகிறார்கள். நடைமுறைக்கு வந்த நாளையும் பார்க்க வேண்டும்: 2016 ஜூலை 25-க்குப் பிறகு செய்யப்பட்ட ஒப்பந்தங்களுக்கே அது பொருந்தியது. மசோதா முதல் நடைமுறை வரை ஆறு ஆண்டுகள். இத்தகைய மசோதாவுக்கு, அறிமுகமான வடிவம், ஷானட் நிறைவேற்றிய வடிவம், சட்டமான வடிவம் ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். ஷானட்டில் தொடங்கிய மசோதாவை டால் திருத்தினால், அது டாலில் தொடங்கிய மசோதாவாகவே கருதப்பட்டு ஷானட்டுக்குத் திரும்பி வரும் என்று அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு கூறுவதால், அந்தத் திரும்பிவந்த விவாதத்தையும் மறக்காமல் தேடி எடுக்க வேண்டும். ஜான் கிரவுன் உள்ளிட்ட மூன்று செனட்டர்கள் 2012-இல் கொண்டுவந்த, சிறார் பயணிக்கும் வாகனங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் மசோதாவையும் இதே முறையில் தொடரலாம். அது 2014-இல் சட்டமாகி 2016 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

தோல்வியுற்ற மசோதாக்களை ஒதுக்கிவிடாதீர்கள். 1971-இல் மேரி ராபின்சன், ஜான் ஹோர்கன், டிரெவர் வெஸ்ட் ஆகிய செனட்டர்கள் கருத்தடைச் சாதனங்கள் மீதான தடையைத் தளர்த்தக் கொண்டுவந்த மசோதாவை முதல் நிலையிலேயே அவை மறுத்துவிட்டது. 1973-இல் மெக்கீ வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 1979-இல் வந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டமும்தான் நிலைமையை மாற்றின. இங்கே நேரடிக் காரணகாரியம் பேச முடியாது. பொருளை அவைப் பதிவுக்குள் கொண்டுவந்தவர்கள் யார், எப்போது என்று மட்டும் நாள் குறித்து எழுதலாம்.

அரசியல் சீர்திருத்தம் என்ற தலைப்பில் எழுதுவோருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஷானட்டை ஒழிப்பதா என்று 2013 அக்டோபர் 4 அன்று நடந்த வாக்கெடுப்பில், 51.7 விழுக்காட்டினர் ஒழிக்க வேண்டாம் என்றனர். அதற்கு முன்பே குவின்னும் செனட்டர் கேத்தரின் சப்போனும் இணைந்து ஒரு மசோதாவை முன்வைத்திருந்தனர். அரசியலமைப்பைத் திருத்தாமலே, சாதாரணச் சட்டத்தின் மூலம் பொதுமக்களுக்கு மேலவை வாக்குரிமையை விரிவாக்கலாம் என்பது அதன் மையவாதம். அந்த மசோதா சட்டமாகவில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களுக்கு மக்களே வாக்களிக்க வேண்டும் என்று 2015-இல் மாரிஸ் மானிங் தலைமையிலான பணிக்குழு பரிந்துரைத்தபோதும், 2018-இல் மைக்கேல் மெக்டவல் தலைமையிலான குழு அதை மசோதா வடிவாக்க முனைந்தபோதும், இதே வாதம் வேறு கைகளில் தொடர்ந்தது. இந்தத் தொடர்ச்சியைக் காட்ட வேண்டுமானால், மூன்று வரைவுகளையும் பிரிவு வாரியாக ஒப்பிட்டுக் காட்டுங்கள். "இவர் வழிவகுத்தார்" என்று பொதுவாக எழுதி நகர்ந்துவிட வேண்டாம்.

பல்கலைக்கழக இடங்களின் கதை வேறு. மற்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கும் வாக்குரிமை அளிக்க இடம்தரும் அரசியலமைப்புத் திருத்தத்தை மக்கள் 1979-இலேயே ஏற்றிருந்தும், அதற்கான சட்டம் வரவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம் பழைய தேர்தல் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்த பிறகே, 2024-இல் உயர்கல்வித் தொகுதி என்னும் ஆறு இடத் தொகுதியை உருவாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இதில் எந்தச் செனட்டருக்குப் புகழ் சேரும் என்று கேட்டால், வழக்குத் தொடுத்தவருக்கே முதலிடம் என்பேன்.

எழுதும்போது, ஒவ்வொரு கூற்றுக்கும் அவை, நாள், மசோதாவின் நிலை, திருத்த எண் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். செனட்டர் தம் பெயரில் சட்டமாக்கியவை, அமைச்சரின் திருத்தத்தில் கரைந்தவை, நிலுவையில் நின்றுபோனவை என்று குறிப்புகளைத் தனித்தனியே அடுக்கிய பிறகு, அவற்றுள் இரண்டாவது அடுக்கை ஒரு மாற்றுக் கண் பார்க்கட்டும். ஏனெனில் ஒரே கருத்தை வேறு உறுப்பினர்களும், வெளியிலுள்ள அமைப்புகளும் அதே வாரத்தில் அமைச்சரிடம் வலியுறுத்தியிருக்கக்கூடும். அன்றைய விவாதத்தில் அமைச்சர் யாருக்கு நன்றி சொன்னார் என்பதையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.