உங்கள் மெயில் என்னோடு நிற்பதில்லை

கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஆளெடுக்கும் வேலை எனக்கு. வேலை கேட்டு வரும் மெயிலை முதலில் பார்ப்பது நான்தான், ஆனால் முடிவு என் கையில் இல்லை. தேறும் என்று தோன்றினால் அதை அப்படியே புரொடக்‌ஷன் மேனேஜருக்கு ஃபார்வர்டு செய்துவிடுவேன். உங்கள் முகத்தையே பார்க்காத அவரும் அதைப் படிப்பார் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள்.

சப்ஜெக்ட் வரியில் வெறும் 'ரெஸ்யூம்' என்று போட்டால் எந்த வேலைக்கு என்று நான் தேட வேண்டும். 'குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை, உங்கள் பெயர், 2 வருட அனுபவம்' என்று இருந்தால் போதும். ஃபைலுக்கும் உங்கள் பெயரே இருக்கட்டும். 'ஃபைனல் நியூ 3' வேண்டாம். பிடிஎஃப் ஆக அனுப்புங்கள், வேர்டு ஃபைலை போனில் திறந்தால் கட்டமெல்லாம் இடம் மாறிவிடுகிறது. டிரைவ் லிங்க் என்றால் பெரும்பாலும் 'அனுமதி கேளுங்கள்' என்றுதான் வரும். நான் கேட்பதில்லை, அடுத்த மெயிலுக்குப் போய்விடுவேன். கல்லூரியில் விளையாட்டாக வைத்த 'கெத்து பாய்' என்ற பெயர் இன்னும் ஜிமெயிலில் இருக்கிறதா? செட்டிங்ஸில் போய் மாற்றலாம், புது முகவரி தேவையில்லை.

மெயிலுக்குள் ஆறேழு வரி போதும். 'ஹார்டு ஒர்க்கர்' என்று எல்லோருமே எழுதுகிறார்கள், அதை வைத்து மேனேஜர் எதை முடிவு செய்வார்? 'சிஎன்சி லேத் ஓட்டுவேன், மைக்ரோமீட்டரில் அளவெடுப்பேன், நைட் ஷிப்டு சம்மதம், நோட்டீஸ் பீரியட் 30 நாள்' என்று எழுதினால் மறுபடி போன் செய்து கேட்க வேண்டிய கேள்விகள் குறையும். பெயர் தெரியாதபோது 'ரெஸ்பெக்டட் சர்' என்று தொடங்காதீர்கள், படிப்பது என்னைப் போல ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். 'டியர் சர்/மேடம்' பழசுதான், தப்பில்லை. அப்புறம், ஒரே மெயிலை இருபது கம்பெனி முகவரியையும் 'டு' வரியில் சேர்த்துப் போட்டு அனுப்பினால் அத்தனை முகவரியும் எங்களுக்குத் தெரியும். ரெஸ்யூமை முதலில் இணைத்துவிட்டு, முகவரியைக் கடைசியில் போடுங்கள். முகவரி இல்லாத மெயில் தவறிக்கூடக் கிளம்பாது, இணைக்க மறக்கவும் வாய்ப்பு குறைவு.

வாட்ஸ்அப் நம்பர் கொடுத்தால் 'ஹாய்' என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். பெயர், எந்த வேலை, என்ன கேள்வி, மூன்றும் ஒரே மெசேஜில் வரட்டும். வாய்ஸ் நோட் வேண்டாம், ஆபீஸில் ஒலிக்கவிட முடியாது. நீல டிக் விழுந்தும் பதில் இல்லையென்றால் ஒரு வாரம் பொறுத்து ஒருமுறை விசாரியுங்கள். நான் கூப்பிடும்போது பஸ்ஸில் இருந்தால் 'இப்போ பஸ்ல இருக்கேங்க, ஆறு மணிக்கு நானே கூப்பிடட்டுமா?' என்று கேட்பது மரியாதைதான். உங்களுக்குப் பதிலாக அப்பா பேசுவதுதான் சரிப்படாது.

சம்பளம் பேசும்போது சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவைச் சொல்கிறீர்களா, கையில் வருவதைச் சொல்கிறீர்களா என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிஎஃப் எல்லாம் போக வருவது வேறு தொகை. இதில் குழம்பி, ஆஃபர் லெட்டர் வந்த பிறகு மனக்கசப்பு ஆனவர்கள் உண்டு.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஓர் இடத்தில்தான்: சேருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, சேரும் நாளில் போனை அணைத்துவிடுவது. வேறு இடத்தில் கூடுதலாகக் கொடுத்தால் போங்கள், யார் குறை சொல்ல முடியும்? முந்தின நாளாவது இப்படி எழுதிவிடுங்கள்: 'வேறு ஒரு வாய்ப்பை ஏற்றுக்கொண்டதால் என்னால் சேர இயலவில்லை. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.' காரணத்தை நீட்ட வேண்டாம், இல்லாத பாட்டியைச் சாகடிக்கவும் வேண்டாம். லிஸ்டில் அடுத்து இருப்பவரை அன்றே கூப்பிட்டுவிடுவேன்.

இந்த மரியாதையெல்லாம் நிஜக் கம்பெனிக்கு. நேர்காணலே இல்லாமல் ஆஃபர் லெட்டர் அனுப்பி, ரெஜிஸ்ட்ரேஷன், லேப்டாப் டெபாசிட் என்று பணம் கேட்பவருக்குப் பதிலே எழுதாதீர்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள்.