அவசர வயிற்று ஆபரேஷன் முடிந்த பெரியவரைத் தேற்றுவது எப்படி

குடல் அடைப்பு, குடலில் ஓட்டை என்று 75, 80 வயதில் அவசரமாக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்களா? "பாவம், அலுங்காமல் படுத்திருக்கட்டும்" என்று பாசத்தில் விட்டுவிடுகிறோமே, அதுதான் அவர்களை அதிகம் முடக்குகிறது. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் நொடி இல்லாத முதியவர்களுக்கே 10 நாள் படுக்கையில் கால் சதை மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ கரைந்துவிட்டது.

நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு அவர் எப்படி இருந்தார் என்பதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்: தானாகக் குளித்தாரா, கடைக்குப் போய் வந்தாரா, எங்கேயாவது விழுந்தாரா, எடை குறைந்ததா. கனடாவில் முதியோர் மருத்துவர் கென்னத் ராக்வுட் குழு உருவாக்கிய, உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று 1 முதல் 9 வரை மதிப்பிடும் தளர்ச்சி அளவுகோலும் இந்தப் பழைய நிலையைத்தான் கேட்கிறது. வயதை மட்டும் பார்த்தால் போதாது, 82 வயதில் திடமாக இருப்பவரும் உண்டு, 68இல் தளர்ந்தவரும் உண்டு.

டாக்டர் சரி என்றதும், முடிந்தால் மறுநாளே உட்கார வையுங்கள். நேராகத் தூக்காதீர்கள், ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளட்டும். வலி இருந்தால் நடக்க மாட்டார், அதனால் வலி மாத்திரையை நடைக்கு முன்னால் கிடைக்கிற மாதிரி நர்ஸிடம் கேளுங்கள். யூரின் டியூப் இன்னும் தேவையா என்றும் தினமும் கேளுங்கள். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து கருவி கொடுத்திருப்பார்கள், பலர் அதை ஊதுகிறார்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும், அப்போதுதான் நுரையீரல் விரிந்து நிமோனியா ஆபத்து குறையும்.

அப்புறம், ராத்திரியில் தாறுமாறாகப் பேசுவது, டியூபைப் பிடுங்குவது, இதெல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் திடீர் மனக்குழப்பம். பயந்துபோய் தூக்க மாத்திரை கேட்காதீர்கள், பல சமயம் அதுவே குழப்பத்தைக் கூட்டும். கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள், பகலில் வெளிச்சமும் தெரிந்த முகமும் இருக்கட்டும், இன்று என்ன கிழமை என்று பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டே இருங்கள். சத்தம் போடாமல், சாப்பிடாமல், எப்போதும் தூங்கி வழிகிறவரைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். அதுவும் அதே குழப்பம்தான். தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல் என்று காரணம் ஏதாவது இருக்கும், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சாப்பிட அனுமதித்த பிறகும் வெறும் கஞ்சியிலேயே நிறுத்தாதீர்கள். 50 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும், ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. முட்டை, மீன், தயிர், பருப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, காய்ச்சல், தையலில் சீழ், வயிறு உப்பி வாந்தி, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.